பெயர் கூப்பிட்டு மாத்திரை கொடுத்த காலம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மல்லாந்து படுத்தபடி எழுதினால் பேனாவில் மை இறங்குவதில்லை. குப்புறப் படுக்க டாக்டர் விடவில்லை. உட்கார்ந்து எழுதலாம் என்றால் இடுப்பில் கட்டியிருக்கும் பட்டை தொப்பையில் குத்துகிறது. இவ்வளவு சிரமப்பட்டு யாருக்காக எழுத வேண்டும் என்று வானொலியைத் திறந்துவிட்டுப் படுத்துக்கிடந்தேன். குணா விடவில்லை. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்த்தவன், இன்னும் அங்கேயே இருக்கிறவன். வாரம் தவறாமல் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் பூச்சோங்கிலுள்ள என் அக்கா வீட்டுக்கு வருவான். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஆரஞ்சு வாங்கி வருவான். பேசிக்கொண்டே அவ்வளவையும் அவனே உரித்துத் தின்றுவிட்டு, "எழுதினியா லா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

அவனுக்கு ஒரு தொல்லை. புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் சிரிக்கிறார்களாம். எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மாத்திரை கொடுக்கும்போது ஒவ்வொரு பெரியவரிடமும் போய், முகத்தைப் பார்த்து, "உங்க பேரு என்ன?" என்று கேட்க வேண்டும். நேற்றும் கேட்டிருப்போம், நாளைக்கும் கேட்போம். ஒரு பையன் குணாவிடம், "அண்ணே, நேத்து முழுக்க இந்தத் தாத்தாகூட டாம் காய் ஆடினேன். இன்னைக்குப் போயி உங்க பேரு என்னன்னா, எனக்குத்தான் மறதி நோயின்னு என்னைப் புடிச்சி கட்டில்ல போட்ருவாரு" என்றானாம்.

"எனக்கு வெளக்கத் தெரியல. நீதான் வாயாடி. எழுதிக் குடு, நான் படிச்சிக் காட்டுறேன்" என்றான் குணா.

ஓய்வு பெற்றவர்கள்தான் தங்கள் உத்தியோகத்தைப் பற்றி இப்படி எழுதுவார்கள். நானும் ஓய்வு பெற்றவன்தான். முப்பதைத் தாண்டியவுடனே பெற்றுவிட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு முன்னாள் போலீஸ்காரரைத் தனியாகத் தூக்கினேன். அவர் எழுந்துவிட்டார், நான் உட்கார்ந்துவிட்டேன். அதோடு என் முதுகெலும்பு வேலையை ராஜினாமா செய்துவிட்டது. படிப்பு மூன்றாம் பாரம். அதையும் முழுதாக முடித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆகையால் எழுத்தில் பிழை இருந்தால் குணாவைத் திட்டுங்கள்.

வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. படுத்த ஆளை எழுப்பாமல் அவருக்குக் கீழே விரிப்பை மாற்றுவது, விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் கஞ்சி ஊட்டுவது, சவரம் செய்யும்போது சுருங்கிய கன்னத்தை எந்தப் பக்கம் இழுத்துப் பிடிப்பது, இவ்வளவுதான். செய்யச் செய்ய வந்துவிட்டது. மாத்திரை மட்டும் வரவில்லை. தனம் மிஸ்ஸி வரவிடவில்லை.

தனம் மிஸ்ஸி அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இல்லத்துக்கு அவர்தான் எல்லாம். வெள்ளைச் சட்டை, மார்பில் குத்திய கைக்கடிகாரம், கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் மூக்குக்கண்ணாடி. சத்தம் போட்டே நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "மணியம், அங்க வை" என்றால் எல்லாம் நலம். "மணியம் சார், அத அங்க வைக்கிறீங்களா?" என்றால் நான் செத்தேன் என்று அர்த்தம்.

மருந்து அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருக்கும். உறவுக்காரர்கள் கொண்டுவரும் தைலம், லேகியம், சீன மருந்துக்கடைத் தூள் எல்லாமே முதலில் அவர் கைக்குப் போக வேண்டும். ஒரு மகள் தன் அம்மாவுக்குத் தூக்க மாத்திரை வாங்கிவந்து, "அம்மா ஓயாம பேசிக்கிட்டே இருக்காங்க மிஸ்ஸி, இதுல ஒண்ணு குடுங்க" என்றார். மிஸ்ஸி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "பேசறதுக்கு மருந்து கெடையாதும்மா. கேக்கறதுக்கு ஒரு ஆளுதான் வேணும். உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அம்மாள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

மாத்திரை எடுப்பதை மிஸ்ஸி ஒரு பூசை போலச் செய்வார். ஆளுக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். போத்தலை எடுக்கும்போது ஒரு தடவை அதன் மேலுள்ள பெயரைப் படிப்பார். மாத்திரையைக் கிண்ணத்தில் போடும்போது ஒரு தடவை. போத்தலைத் திரும்ப வைக்கும்போது இன்னொரு தடவை. சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். நான் பின்னால் நின்று அதே மாதிரி உதட்டை அசைத்துக் காட்டுவேன். குணா சிரித்துச் சிரித்துச் சுவரில் முட்டிக்கொள்வான். மிஸ்ஸி திரும்பாமலே, "நல்லா நடி. நடிச்சாவது மண்டையில ஏறட்டும்" என்பார்.

ஆங்கிலம் எனக்குத் தகராறு என்பதால் மாத்திரைகளை நிறத்தை வைத்து அடையாளம் பிடித்து வைத்திருந்தேன். ரத்தக் கொதிப்புக்கு மஞ்சள், இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை நோய்க்கு வெள்ளை, இப்படி. பெருமையாக மிஸ்ஸியிடம் ஒப்பித்தேன். அவர் ஒரு புதுப் போத்தலைத் திறந்து என் உள்ளங்கையில் ஒன்றைப் போட்டார். வெள்ளை.

"இது என்ன?"

"இனிப்பு நீரு."

"ரத்தக் கொதிப்பு. போன மாசம் வேற கம்பெனி சரக்கு, மஞ்சளா வந்துச்சு. இந்த மாசம் வெள்ளையா வந்திருக்கு. கலரு பாத்து வேலை செய்யணும்னா போயி ரோட்டு முக்குல சிக்னல் பாருங்க, மணியம் சார்."

அன்றிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் செய்யாத வேலையை அந்தச் 'சார்' செய்தது.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்த மாத்திரை வாய்க்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. மிஸ்ஸி கட்டில் கட்டிலாகத் தட்டோடு போனால் ஒருவர் குளியலறையில் இருப்பார், ஒருவர் சாமி மாடத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்காதவர் மாதிரி நிற்பார். எங்கள் பெரியவர்களில் பாதிப் பேர் பந்திங் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர்ப் பால்மரம் சீவி, செம்பனை வெட்டி வந்தவர்கள். மிஸ்ஸியே ஒரு கங்காணியின் மகள். ஒருநாள் யோசித்துவிட்டு, கூடத்தில் நீள பெஞ்சுகளைப் போடச் சொன்னார். சுவரோரம் மேசை போட்டு உட்கார்ந்தார். கரண்டியால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு மாதிரியே கூப்பிட ஆரம்பித்தார்.

"முனியாண்டி."

"இருக்கேன்."

"சின்னையா."

"இருக்கேன்."

கேட்ட மாத்திரத்தில் பெரியவர்கள் முதுகு நிமிர்ந்ததைப் பார்க்க வேண்டும். குளியலறையில் இருந்தவர் சாரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பெரட்டுக்குக் கூப்பிட்டால் தோட்டத்துக்காரன் வந்துதான் தீருவான். பெயர் சொன்னவுடன் கிண்ணம் கைமாறிக் கைமாறிப் பெஞ்சு வழியாக உரியவரிடம் போகும். வேலை சீக்கிரம் முடிந்தது. மிஸ்ஸிக்கு அதில் உள்ளூரப் பெருமை.

முனியாண்டி தாத்தாவும் சின்னையா தாத்தாவும் கடைசிப் பெஞ்சு. ஒரே தோட்டம், அடுத்தடுத்த வீடு, ஒரே வருஷம் கல்யாணம், ஒரே மாதிரி வழுக்கை. ஒரே மாதிரி வெள்ளைப் பனியன், கட்டம் போட்ட சாரம். பின்னாலிருந்து பார்த்தால் எது யார் என்று கண்டுபிடிக்க முடியாது. நான் வேண்டுமென்றே மாற்றிக் கூப்பிடுவேன். "டேய் பயலே, நான் அவன் இல்லடா, நான் அழகு" என்பார் முனியாண்டி. "கண்ணாடியப் பாத்துட்டுப் பேசச் சொல்லு" என்பார் சின்னையா. முனியாண்டிக்கு ரத்தக் கொதிப்பு. சின்னையாவுக்கு இனிப்பு நீர். அந்த ஒன்றில்தான் இருவரும் வேறு வேறு ஆள்.

ஒரு மழைக்காலத்தில் வாசலில் இருந்த ரோஜாத் தொட்டி கவிழ்ந்தது. மண்ணை அள்ளிப் போட்டபோது உள்ளே கரைந்தும் கரையாமலும் மாத்திரைகள். மிஸ்ஸி கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"செடிக்கு ரத்தக் கொதிப்பு நல்லா எறங்கியிருக்கும் மிஸ்ஸி" என்றேன்.

"மணியம் சார், கொஞ்சம் வாய மூடுறீங்களா?"

மறுநாளிலிருந்து புதுச் சட்டம் வந்தது. கிண்ணம் வாங்கினால் மிஸ்ஸி மேசையிலிருந்து பார்க்கப் பார்க்கவே விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். "முழுங்குங்க. ஆ காட்டுங்க." பெஞ்சு முழுக்கப் பல்லில்லாத வாய்கள் திறந்து மூடும். மீன் தொட்டி மாதிரி இருக்கும். நான் ரசித்துப் பார்ப்பேன்.

அந்தச் சட்டம் வந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. முனியாண்டி தாத்தாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம். மதியம் வரை வெறும் தண்ணீர்தான். பெரட்டு முடிந்தது, காலைப் பசியாறல் முடிந்தது, நான் மாடியில் விரிப்புகளை உதறிவிட்டு இறங்கி வந்தேன். முனியாண்டி தாத்தா கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து என்னைப் பார்த்து, "லோரி வந்துருச்சா? செம்பனைக் கொட்டைய ஏத்தியாச்சா?" என்றார்.

"வந்துருச்சு தாத்தா. நீங்கதான் டிரைவரு. எங்க கள்ளு கெடச்சுது, எனக்கும் சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவர் யாரையும் அப்படித் திட்டி நான் கேட்டதில்லை. பனியன் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. மிஸ்ஸி கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தார். ஓடவில்லை. அவர் ஓடிப் பார்த்ததில்லை. தாத்தாவின் பின்கழுத்தில் கை வைத்தார். கையைப் பார்த்தார்.

"சீனி கொண்டா. தண்ணியில கரைக்காத, அப்படியே கொண்டா."

தாத்தா அதற்குள் சரியத் தொடங்கியிருந்தார். மிஸ்ஸி அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரவிரலில் சீனியைத் தொட்டுக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தேய்த்தார். நான் தண்ணீர்க் குவளையோடு குனிந்தேன். கையைத் தட்டிவிட்டார். "நெனவு இல்லாதவன் வாயில தண்ணி ஊத்தினா அது நெஞ்சுக்குள்ளதான் போகும். ஆம்புலன்ஸுக்குப் போன் போடு. போட்டுட்டு வாசல்ல நில்லு." விரல் நிற்கவே இல்லை. சீனி, ஈறு, சீனி, ஈறு. தாத்தாவின் கண்ணிமை ஒரு தடவை அசைந்தது. "அப்படித்தான் அண்ணே, அப்படித்தான்" என்றார் மிஸ்ஸி. அவர் அதுவரை முனியாண்டி தாத்தாவை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

பெரிய மருத்துவமனையில் நரம்பு வழியாகச் சீனி ஏற்றினார்கள். ஏற்றினால் கண் விழிக்கிறார், கொஞ்ச நேரம் பேசுகிறார், மறுபடி இறங்குகிறது. மறுபடி ஏற்றினார்கள். டாக்டர் மிஸ்ஸியைத் தனியாக அழைத்துக் கேட்டார். இவருக்கு இனிப்பு நீர் கிடையாது. இப்படி விடாமல் இறங்குவது இனிப்பு நீர் மாத்திரையின் வேலை. உங்கள் இல்லத்தில் யார் கிண்ணமாவது மாறிப்போயிற்றா?

மிஸ்ஸி இல்லத்துக்குத் திரும்பியதும் சின்னையாவின் சிறுநீரைச் சோதித்தார். காகிதம் கரும்பச்சையாகிவிட்டது. அவருக்குச் சீனி ஏகத்துக்கு ஏறியிருந்தது. கணக்கு நேராக வந்துவிட்டது. சின்னையாவின் மாத்திரை முனியாண்டியின் வயிற்றில். அப்படியானால் கிண்ணத்தில் போட்ட கை தவறிவிட்டது. அது மிஸ்ஸியின் கை.

அன்று மாலை முனியாண்டியின் மகன் சேகர் கிள்ளானிலிருந்து வந்தார். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவர். வேலைச் சட்டையோடே வந்திருந்தார்.

"மிஸ்ஸி, எங்கப்பாவுக்கு யாரு மருந்த யாரு குடுத்தது?"

"குடுத்தது நான்தான் தம்பி. எப்படி மாறுச்சுன்னு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லுவேன்."

"தெரியலன்னா எப்படி? இன்னைக்கு மாறுச்சு, நாளைக்கும் மாறும்ல? எப்படி மாறுச்சுன்னு சொல்ல முடிஞ்சா அப்பா இங்க இருக்கட்டும். இல்லன்னா ஆஸ்பத்திரியில இருந்து நேரா அம்பாங்குக்கு கொண்டு போயிருவேன். அங்க ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

மிஸ்ஸி அதற்குப் பிறகு மேசையில் காலிக் கிண்ணங்களை அடுக்கினார். போத்தலை எடுத்தார், உதடு அசைந்தது. கிண்ணத்துக்கு மேலே பிடித்தார், உதடு அசைந்தது. திரும்ப வைத்தார். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். எந்த இடத்தில் தன் கை தவறியிருக்கும் என்று தேடினார். பின்னால் நின்ற எனக்கு உதட்டை அசைத்துக் காட்டத் தோன்றவில்லை. சின்னையா தாத்தா கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடத்தில் யாரும் உட்காராதபடி முனியாண்டியின் துண்டை விரித்து வைத்திருந்தார். சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் மாலை பார்வையாளர் நேரத்தில் நான் மருத்துவமனைக்குப் போனேன். முனியாண்டி தாத்தா தெளிந்து உட்கார்ந்திருந்தார். ஆளைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"தாத்தா, எனக்கு ஏத்த வேண்டிய சீனியெல்லாம் நீங்களே ஏத்திக்கிட்டீங்க."

"போடா. சின்னையா சாப்பிட்டானா?"

"ரெண்டு நாளா ஒண்ணும் இல்ல. சரி, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? கிண்ணத்துல ஒங்க பேரு இருந்துச்சா, பாத்தீங்களா?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"அம்பாங்குக்கு கொண்டு போறேங்கிறாரு ஒங்க மவன்."

அவர் முகம் சுருங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொன்னேன்ல" என்றார் மறுபடி.

அப்போது ஒரு பணியாள் தள்ளுவண்டியில் பாலும் பன்னும் கொண்டுவந்தார். கட்டில் கட்டிலாகப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

"ஒஸ்மான்?"

முனியாண்டி தாத்தா கை தூக்கினார். "அடா, அடா" என்றார். இருக்கிறேன், இருக்கிறேன் என்று மலாயில். பணியாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பாலும் பன்னும் தாத்தாவின் மேசைக்கு வந்தன. அடுத்துக் கூப்பிட்ட பெயர் முனியாண்டி. அதற்கும் அவரே "அடா" என்றார். அதுவும் வந்தது.

"தாத்தா, நீங்க எப்போ ஒஸ்மான் ஆனீங்க?"

"கத்தாத லா. அவன் கக்கூசுக்குப் போயிருக்கான். ஆளு இல்லன்னு சொன்னா வண்டி போயிரும், பாவம், பட்டினி கெடப்பான்" என்று சொல்லிக்கொண்டே பால் ஆறாமல் தட்டைக் கவிழ்த்து மூடினார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் பக்கத்தில் நிற்கிறவன் குரலை மாற்றிக்கொண்டு பதில் கொடுப்பான். இருட்டில் கங்காணிக்குக் குரல்தான் ஆள். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. செய்யாதவனைத்தான் மனுஷனா என்று கேட்பார்கள்.

நான் பஸ் பிடித்து ஓடிவந்து மிஸ்ஸிக்கு முன்னால் நடித்துக் காட்டினேன். கூப்பிடுகிறவனும் நானே, கை தூக்குகிறவனும் நானே, "அடா"வும் நானே. குணா சிரித்துவிட்டான். மிஸ்ஸி சிரிக்கவில்லை. மேசையிலிருந்து கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சுக்குப் பின்னால் ஜன்னல். காலை வெயில் அதன் வழியாகத்தான் வரும். இங்கிருந்து பார்த்தால் ஒரு வழுக்கை, ஒரு திறந்த வாய், அவ்வளவுதான் தெரியும்; அது யாருடையது என்று தெரியாது.

பிறகு எழுந்துபோய்ச் சின்னையா தாத்தா பக்கத்தில், அந்தத் துண்டைத் தள்ளாமல், ஓரமாக உட்கார்ந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை; பெரட்டு நேரத்தில் ஒருவர் நழுவினால் போகக்கூடிய இடம் பின்பக்கத்து ரொட்டிக்கடை ஒன்றுதான்.

"அன்னைக்கு ரொட்டிக்குச் சீனி தூவிச் சாப்பிட்டீங்களா, இல்ல பருப்பா?"

சின்னையா தாத்தா துண்டின் ஓரத்தை மடித்து நீவினார். "சீனிதான் மிஸ்ஸி" என்றார்.

"தேத்தண்ணி?"

"அதுலயும் கொஞ்சம் தூக்கலாதான் போட்டிருந்தான்."

பின்பக்க வேலியில் ஒரு சந்து. அதைத் தாண்டினால் மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ரொட்டிக்கடை. வாரத்தில் ஓரிரு நாள் பெரட்டு நேரத்தில் அவர் நழுவுவாராம். முனியாண்டி பதில் கொடுத்து, மாத்திரையை வாங்கி, மடியில் முடிந்துவைத்து, இவர் திரும்பி வந்ததும் கொடுப்பாராம். புதுச் சட்டம் வந்ததும், "இனிமே போகாதடா" என்று முனியாண்டி சொல்லியிருக்கிறார். சின்னையாவுக்கு அன்று ரொட்டி ஆசை. போய்விட்டார். பேர் கூப்பிட்டார்கள். முனியாண்டி இருக்கேன் என்றார். கிண்ணம் வந்தது. மிஸ்ஸி, "முழுங்குங்க, ஆ காட்டுங்க" என்றார். முழுங்கி, ஆ காட்டினார்.

"மக வீட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு பயந்து சொல்லல. அங்க அடுக்குமாடியில எட்டாவது மாடி, கதவ வெளிய பூட்டிட்டு வேலைக்குப் போயிருவா" என்றார் சின்னையா. "அவன் செத்துருந்தா நான் என்னா செஞ்சிருப்பேன் மிஸ்ஸி?" துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். துண்டை எடுக்காமலே, "நான் சொன்னேன்னு அவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. எனக்காக அவ்வளவு செஞ்சான். எல்லாம் வீணாப்போச்சேன்னு நெனைப்பான்" என்றார்.

மிஸ்ஸி சொல்லமாட்டேன் என்று தலையசைத்தார்.

அடுத்த நாள் சேகரை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சந்தித்தார். நானும் போனேன்.

"தம்பி, எப்படி மாறுச்சுன்னு கேட்டீங்க. நான் மேசையில உக்காந்துக்கிட்டுப் பேரு கூப்பிட்டேன். ஒரு கொரலு வந்துச்சு. அந்தக் கொரலுக்கு மருந்து குடுத்தேன், ஆளப் பாக்கல. எந்திரிச்சுப் போயி மொகத்தப் பாத்திருந்தா இது நடந்திருக்காது. தப்பு என் மொறையில. இனி பேரு கூப்பிட மாட்டேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் போவேன், மொகத்தப் பாப்பேன், அவங்க பேர அவங்க வாயால கேப்பேன், அதுக்கப்புறம்தான் கிண்ணத்தக் குடுப்பேன். பக்கத்துல ஆளு இல்லன்னா, ஆளத் தேடுவேன்."

முனியாண்டியின் பெயரையோ சின்னையாவின் பெயரையோ அவர் சொல்லவில்லை. சேகரும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்தான்.

"சின்னையா மாமா அப்ப எங்க போயிருந்தாரு?" என்றார்.

மிஸ்ஸி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சேகருக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "நான் பொறந்தப்ப அப்பா அம்மாகூட பந்திங் ஆஸ்பத்திரியில மூணு நாளு இருந்தாரு மிஸ்ஸி. ஒரு நாள் கூலி கொறையல. சின்னையா மாமா ரெண்டு கொரல்ல பதில் குடுத்தாரு. எங்க வீட்ல இத எத்தன தடவ சொல்லியிருக்காங்க." சுவரில் சாய்ந்துகொண்டார். "அம்பாங்ல போட்டா அப்பா யாருக்குப் பதில் குடுப்பாரு? இங்கயே இருக்கட்டும். ஆனா நீங்க சொன்னத செய்யணும்."

"செய்வேன்."

செய்தார். பெஞ்சுகள் அப்படியே இருந்தன, மேசை போய்விட்டது. தட்டோடு ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்று, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "உங்க பேரு?" என்பார். முதல் நாள் முனியாண்டி தாத்தா, "மிஸ்ஸிக்கு மறதி வந்துருச்சு, மாத்திரை அவங்களுக்குத்தான் வேணும்" என்றார். சின்னையா தாத்தாவுக்கு மிஸ்ஸி இன்னொன்றும் செய்தார். வாரத்தில் ஒரு நாள், மாத்திரை போட்ட பிறகு, என்னோடு வாசல் வழியாகவே மாமாக் கடைக்குப் போகலாம். சீனி இல்லாத தேத்தண்ணி, பருப்புக் குழம்போடு ரொட்டி. முனியாண்டி தாத்தாவும் கூட வருவார். ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்துவிட்டு, "இத மிஸ்ஸிகிட்ட சொல்லாத" என்பார். மிஸ்ஸிக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

சின்னையா தாத்தா அதற்குப் பிறகும் நன்றாக இருந்துவிட்டுத் தூக்கத்திலேயே போனார். மிஸ்ஸி இப்போது கிள்ளானில் தம்பி வீட்டில் இருக்கிறார். முனியாண்டி தாத்தா இன்னும் அதே கடைசிப் பெஞ்சுதான். ஆக, தம்பிமார்களே, நேற்று டாம் ஆடிய தாத்தாவிடம் இன்று போய்ப் பெயரைக் கேளுங்கள். அவர் உங்களைப் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பதில் வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அன்பான மனுஷன் யாருக்காகவும் பதில் கொடுப்பான்.

இதைக் குணாவிடம் கொடுத்தபோது, பையன்களுக்கு மட்டும் படி, முனியாண்டி தாத்தா காதில் விழாமல் பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். சின்னையாவுக்கு மிஸ்ஸி கொடுத்த வாக்கு அது. நேற்று குணா போன் செய்தான்.

"தாத்தா பின்னாடியே உக்காந்து முழுசா கேட்டுட்டாரு லா, கேட்டுட்டு சொல்றாரு, மணியம் எழுதினது பூரா பொய்யி, சின்னையா அன்னைக்கு எங்கயும் போகல, எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தான்னு."